மந்தைவெளியில் மந்தைக்கு இடமில்லை

மயிலாப்பூருக்குத் தெற்கே மந்தைவெளி பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பஸ்களின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது: மந்தைவெளி. மந்தை நின்ற வெளி என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. சந்து முனையில் குப்பைத் தொட்டியை ஒட்டி ஒரு செவலைப் பசு நிற்கிறது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சுவரில் ஒட்டிய போஸ்டரை நுனிப் பல்லால் இழுத்து மெல்லுகிறது. அதற்கு வேண்டியது பின்னால் இருக்கும் மைதாப் பசை; எந்தக் கட்சியின் போஸ்டர் என்பது அதற்குக் கவலையில்லை. நம் தோழர்கள் ராத்திரி கண்விழித்து ஒட்டியதும் அதன் வயிற்றுக்குத்தான் போகிறது. பசித்த ஜீவனுக்கு நம் போஸ்டரால் ஆன உடனடிப் பலன் இதுவாவது இருக்கட்டும்!

இந்த மாடு யாருடையது? சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள். பக்கத்துக் குப்பத்தில், பத்துக்குப் பத்து வீட்டில், குடும்பத்தோடு இருக்கிறாள். நாம் கேட்டோம். அவள் சொன்ன பதில் இது:

"இன்னா தம்பி, நாங்க காலை நீட்டிப் படுக்கவே இடமில்ல, மாட்டுக்கு எங்க போயி இடம் பாக்கறது? கறக்கச் சொல்லோ எட்டு வீட்டுக்குப் பால் ஊத்தனேன். வத்திப் போச்சு, அவுத்து வுட்டேன். கட்டிப் போட்டா வவுறு காஞ்சு செத்துப் பூடும். அவுத்து வுட்டா வண்டில ஏத்திக்கினு போயிடறான். இதுல எது பாவம், நீயே சொல்லு."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் நாமும் உண்டு.

அந்தப் பசுவை நோக்கி இன்று இரண்டு கைகள் நீள்கின்றன. ஒன்று ஜீவகாருண்யத்தின் கை. அடிபட்டுக் கிடந்தால் யாரோ ஒரு நல்ல மனிதர் போன் செய்கிறார், வண்டி வருகிறது, மருந்து போடுகிறார்கள். மற்றொன்று கார்ப்பரேஷனின் கை. அது கயிற்றோடு வருகிறது, ரசீதுப் புத்தகத்தோடு போகிறது. பசுவுக்கு அன்றாடம் ஒரு கட்டு வைக்கோலை நீட்ட வேண்டிய மூன்றாவது கை ஒன்று உண்டு. அந்தக் கையைத்தான் காணவில்லை.

முதலில் ஜீவகாருண்யத்தின் கதையைப் பார்ப்போம். தென் சென்னையில் அதற்கு மதிப்பான சரித்திரம் உண்டு. மில் தொழிலாளிக்கும் அந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பெசன்ட் பெயரால் ஒரு கால்நடை மருந்தகம் பல ஆண்டுகள் நடந்தது. அன்னி பெசன்ட் யார்? 1888-ல் லண்டனில் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்ற அம்மையார். அந்தப் பெண்களின் பெரிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? அபராதம்! பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம். கூலியில் பிடித்துப் பிடித்து வெறுங்கையோடு அனுப்பினார்கள். பெசன்ட் அதைப் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தினார். பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள், வென்றார்கள்.

அதே அடையாற்றுத் தோட்டத்திலிருந்துதான் பி. பி. வாடியா பெரம்பூருக்குப் போனார். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அதன் தலைவரானார். அந்த மில்களை 1996-ல் மூடிவிட்டார்கள். சங்கு ஊதிய இடத்தில் இன்று சங்கு இல்லை. ஆனாலும் பெரம்பூர்க்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. அவருடைய வேதாந்தத்தில் நமக்கு எவ்வளவோ பேதம் உண்டு. ஆனால் மனிதன் மேல் உள்ள கருணை வேறு, மிருகத்தின் மேல் உள்ள கருணை வேறு என்று அன்று அடையாற்றில் பாகம் பிரித்து வைக்கவில்லை. பாகப்பிரிவினை பின்னால் வந்தது.

சட்டமும் அடையாற்றிலிருந்துதான் கிளம்பியது. கலாக்ஷேத்திராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் ஆனார். மறு வருஷமே, மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது அமலில் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1890-ம் வருஷத்துச் சட்டம். நேரு, சர்க்காரே மசோதா கொண்டுவரும் என்று வாக்குக் கொடுத்து அதை வாபஸ் வாங்கச் செய்தார். அந்த வாக்குத்தான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டமாயிற்று. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. ருக்மிணி தேவி முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் வெகுகாலம் இருந்தது. பின்னால் அரியானாவுக்குப் போய்விட்டது.

தியாகராய நகரிலும் ஒரு காரியம் நடந்தது. 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கிவந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ் ஸ்தாபனம்; 1964-ல் பதிவாயிற்று. கிண்டியில், வேளச்சேரி சாலையில் உள்ள அதன் காப்பகத்தில் நாயும் பூனையும் மட்டுமல்ல, கால் ஒடிந்த மாடும், கடற்கரையில் ஓடி ஓய்ந்த குதிரையும் வந்து சேருகின்றன. நாற்றத்திலும் சீழிலும் கைவைத்து வேலை செய்கிற அங்குள்ள தொழிலாளிகளை நாம் கும்பிட வேண்டும். "பணக்காரர் பொழுதுபோக்கு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அது தப்பு. புழு வைத்த புண்ணைச் சுத்தம் செய்வது யாருக்கும் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது?

மாட்டை அடித்தால், பட்டினி போட்டால், நோயுற்ற மாட்டை வேலை வாங்கினால், ஆதரவில்லாமல் விட்டுவிட்டால் குற்றம். 1960-ல் எழுதிய அபராதம், முதல் தடவைக்குக் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய். அறுபது வருஷம் கழிந்தும் அந்தத் தொகை அப்படியே கிடந்தது. 50 ரூபாய்க்கு இன்று மாட்டுக்கு ஒரு வேளைத் தீனிகூட வராது. பால் மடியில் சொட்டாமல் வரவேண்டும் என்று மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் 'பூக்கா' என்ற கொடுமைக்கு மட்டும் அதே சட்டத்தில் 1,000 ரூபாய், இரண்டு வருஷ ஜெயில் என்று கடுமையாக வைத்தார்கள். அந்நாள் மாநகரங்களின் பால் வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஒரு பிரிவே சாட்சி. நம் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வேறொரு காட்சியைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, அந்தப் பொம்மையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பால்காரர் வாசலுக்கு வாசல் மாட்டை ஓட்டிவருவார். தாய்ப்பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். கன்று ஏன் செத்தது என்று காபி குடித்தவர் யாரும் கேட்டதில்லை.

சட்டத்தின் கீழ் 1965-ல் வண்டி மாடுகளுக்கு விதிகள் போட்டார்கள். அவற்றைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மாட்டை வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வண்டியில் பூட்டவே கூடாது. நல்ல விதி, நியாயமான விதி. சித்திரை வெயிலில் தி. நகர் பாண்டி பஜாரில் நடைபாதைக் கல் பதிக்கிற தொழிலாளிக்கும், களத்துமேட்டில் நெல் தூற்றுகிற பெண்ணுக்கும் இத்தனை டிகிரிக்கு மேல் போனால் வேலை இல்லை என்று யார் விதி எழுதினார்கள்? அந்த எருதின் விதியை எடுத்து மனிதனுக்கும் போடுங்கள் என்று நாம் கேட்கிறோம். இப்படிக் கேட்பதால் எருதின் உரிமை எதுவும் குறைந்துவிடாது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். கால்நடையை வதைப்பதற்கு எதிரான சட்டம் 1822-ல் வந்தது. அதை அமல் நடத்த லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1824-ல் அமைந்தது. லண்டனில் குழந்தைவதைத் தடுப்புக்கு ஒரு சங்கம் வர 1884 ஆயிற்று. அறுபது வருஷம்! குதிரைக்கு நியாயம் கிடைத்தது தப்பு என்று இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. நூற்பாலைக் குழந்தை காத்துக்கிடந்தது என்பதுதான் தப்பு.

இனி இரண்டாவது கையைப் பார்ப்போம்.

விவசாயத் தொழிலாளிக்கு 'பவுண்டு' என்றால் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. மிராசுதார் வரப்பில் ஏழையின் ஆடு வாய்வைத்தால் பவுண்டில் அடைப்பார்கள். அபராதம் கட்டு, தீனிச் செலவு கட்டு. குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் ஏலம். எத்தனை குடும்பத்தின் ஒரே கறவை அந்தப் பட்டியின் வாசலோடு போயிற்று! தஞ்சாவூரில் பண்ணையாள் மிராசுதாரின் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவிப் பொட்டு வைத்தான்; அவன் முதுகில் சாட்டை, வாயில் சாணிப்பால். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாக நடந்து சங்கம் கட்டிய பிறகுதான் அது ஒழிந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் ஆளை நினைத்தபடி விரட்ட முடியாமல் போயிற்று. உழைக்கும் வரை தீனி, ஓய்ந்தால் தெரு என்ற நீதியை மாட்டுக்கு முன்பே நம் பாட்டன்மார் அனுபவித்தார்கள். ஆகவே எலும்பும் தோலுமான மாட்டைப் பார்த்தால் நமக்கு வரவேண்டியது அருவருப்பல்ல.

இன்று சென்னையில் அதே பவுண்டு புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இருக்கிறது. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அங்கே கொண்டுபோய் அடைக்கிறார்கள். அபராதம் 2023-ல் 5,000 ரூபாய் ஆயிற்று. 2024-ல் அது 10,000 ரூபாய் என்றும், மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய் என்றும் உயர்ந்தது. போதாதற்குத் தங்கும் நாட்களுக்குத் தனிக் கட்டணம்.

கார்ப்பரேஷனும் காரணமில்லாமல் இறங்கவில்லை. அதை மறைத்தால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆகமாட்டோம். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கியதை நாடே பார்த்தது. அதே வருஷம் அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டி ஒரு முதியவர் மாண்டார். அந்தக் குழந்தை நம் குழந்தை, அந்தப் பெரியவர் நம் பெரியவர். காரில் போகிறவரை மாடு முட்டுவதில்லை; நடந்து போகிறவரைத்தான் முட்டுகிறது. தெருவில் மாடு கூடாது என்பது ஏழைகளின் கோரிக்கையும்தான்.

தெருவில் கூடாது என்றால் எங்கே? இதற்குப் பதில் சொல்லாமல் ரசீது கிழிப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம். பத்து மாடு வைத்திருக்கும் பெரிய பால் வியாபாரி 10,000 ரூபாயைக் கட்டிவிட்டு மறுநாளே அவிழ்த்து விடுவார். பால் விலையில் அதைச் சேர்த்துக்கொள்வார். ஒற்றை மாட்டுக்காரி வட்டிக்கு வாங்குவாள், அல்லது மாட்டை மீட்கவே வரமாட்டாள். வற்றிய மாட்டுக்காக எவள் 10,000 ரூபாய் கட்டுவாள்? தீப்பெட்டிப் பெண்களுக்கு 1888-ல் போட்ட அபராதத்துக்கும் இதற்கும் நாம் பெரிய வித்தியாசம் காணவில்லை. அபராதம் எப்போதும் மெலிந்தவன் மடியைத்தான் தேடும்.

மாடு ஏன் தெருவுக்கு வந்தது? சொந்தக்காரியின் கல்நெஞ்சாலா? தியாகராய நகர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சைதாப்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி அது. 1923 முதல் அதை வடித்து மேடாக்கி மனை போட்டார்கள். தண்ணீர் குடிக்க மாடு இறங்கிய கரைமேல் இன்று நகைக்கடை நிற்கிறது. ஊருக்கு வீடு வேண்டும், வாஸ்தவம். அப்புறம் வேளச்சேரி, அப்புறம் பள்ளிக்கரணை. பெரிய சதுப்பு நிலமாகக் கிடந்த பள்ளிக்கரணையில் பெரும்பகுதி கட்டிடங்களுக்கும் பெருங்குடிக் குப்பை மேட்டுக்கும் போய், மிச்சம் மீதிக்குத்தான் 2022-ல் ராம்சார் பட்டியலில் பாதுகாப்புக் கிடைத்தது. மேய்க்கால் புறம்போக்கு என்று ரெவின்யூ ஏட்டில் எழுதிய நிலங்கள் கிராமத்திலும் அதே கதிக்குத்தான் ஆளாயின. பட்டா போட்டவர்கள் வேறு, மாடு வைத்திருந்தவர்கள் வேறு.

2011-ல் தமிழக சர்க்கார் ஏழைப் பெண்களுக்கு இலவசக் கறவை மாடும் ஆடுகளும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மாடு கொடுத்தார்கள். மேய்க்க நிலம்? அதைக் கேட்டவர்களை நன்றி கெட்டவர்கள் என்றார்கள்.

கிராமத்தில் டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. கலப்பினப் பசு வந்தது. அதன் காளைக்கன்றுக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. அதற்குப் பால் விடுவது நஷ்டம் என்று தாயிடமிருந்து விலக்கி ஓரமாகக் கட்டிச் சாகவிடுவது பல தொழுவங்களில் நடக்கிறது. இது மிராசுதார் வீட்டுத் தொழுவத்தில் மட்டும் நடக்கிறதா? நம் குடிசை ஓரத்திலும் நடக்கிறது. வைக்கோலோ, அறுவடை யந்திரம் வந்தபின் உருளைக் கட்டாகச் சுற்றி லாரியில் ஏறி வெளியூர் போகிறது. முன்பு அறுத்துக் கட்டியவன் கையில் கூலியோடு நாலு கத்தை வைக்கோலும் சேரும். இப்போது கூலியே சுருங்கிப் போயிற்று. வைக்கோலை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் ஆதரவற்றுத் திரியும் மாடுகள் ஏறக்குறைய 50 லட்சம். இத்தனை லட்சம் பேருக்கு ஒரே நாளில் இதயம் கல்லாகிவிட்டது என்று யார் நம்புவார்கள்?

தெருவில் அது எதைத் தின்கிறது? 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். பால் குறைந்து, வலியால் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்து வயிற்றிலிருந்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக்! ஒரு ஆள் எடை! ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் அந்த வருஷம் ஜனவரி 1-ந் தேதிதான் தடை செய்திருந்தார்கள். வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பையில் கட்டி, முடிச்சுப் போட்டு எறிந்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பசுவைக் காப்பாற்றியது 1903-ல் தொடங்கிய ஒரு சர்க்கார் கல்லூரி என்பதையும் கவனியுங்கள். தனியார் தர்மம் ஒரு மாட்டைத் தூக்கலாம். இந்த அளவு ஆபரேஷனை ஏழையின் மாட்டுக்குச் செய்ய சர்க்கார் ஆஸ்பத்திரிதான் வேண்டும்.

தானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரகம் சரியில்லை என்று கோயிலுக்குப் பசு தானம் விடுகிறவர்கள் மயிலாப்பூரில் உண்டு. போட்டோ எடுத்துக்கொண்டு வீடு போய்விடுவார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி. ஆகவே கிழ மாடாகப் பார்த்துக் கொடுப்பவர்களும் உண்டு! நாளொன்றுக்கு அது தின்னும் தீனியைத் தானம் செய்கிறவர் யார்? கொடுக்கும்போதே ஆயுள் தீனிக்கும் பணம் கட்டு என்று ஒரு விதி போட்டால் கோயில் தொழுவங்கள் பாதி காலியாகும் என்பது நம் அபிப்பிராயம்.

பசுவின் பெயரால் மனிதனைக் கொல்லும் கும்பலை இந்த ஜீவகாருண்யத்தோடு சேர்த்துப் பேச நாம் தயாரில்லை. 2017 ஏப்ரலில் ராஜஸ்தான் ஆல்வாரில், சந்தையில் வாங்கிய பால் மாட்டை ஏற்றிவந்த ஏழை விவசாயி ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அவர் மாடு வளர்த்துப் பிழைத்தவர். அடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது சாணி அள்ளியிருப்பார்கள்?

இப்போது நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978-ம் வருஷத்து விதி சொல்லுகிறது. சந்தையிலிருந்து போகும் லாரியில் முப்பது மாட்டை நெருக்கி, படுக்காமல் இருக்க வாலை முறுக்கி, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுகிறார்களே, அந்தக் கை யாருடைய கை? வியாபாரி குளிர்ந்த அறையில் இருக்கிறான். தூவுகிறவன் கூலிக்காரன், நம் ஆள். மேட்டில் ஏறாத வண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்துகிறவனும் நம் ஆள். பாரம் ஏற்றச் சொன்னது முதலாளி என்பது உண்மை. குத்தச் சொன்னதும் அவன்தானா? மேஸ்திரி நம்மை விரட்டும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை வாயில்லாத ஜீவன்மேல் இறக்குகிறோம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் சிரிப்பார்கள் என்று சிலர் சொல்லுகிறார்கள். பெண்டாட்டியை அடிக்கக் கூடாது என்று முதலில் பேசியபோதும் சிரித்தார்கள்.

அடைக்கலம் எப்படி இருக்க வேண்டும்?

பம்பாய் சர்க்கார் 1949-ல் ஆரே பால் காலனி அமைத்து, நகரத்துக்குள் அடைந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாடுகளையும் எருமைகளையும் வெளியே கொண்டுபோனது. மாடு அதன் சொந்தக்காரரிடமே இருந்தது. கொட்டகையும் தண்ணீரும் புல்லும் டாக்டரும் சர்க்கார் ஏற்பாடு, அதற்கு மாட்டுக்காரர் கட்டணம் கொடுத்தார். நம் சென்னையிலும் மாதவரத்தில் பால் காலனி அமைத்தார்கள். ஆக, வழி தெரியாமல் இல்லை. இப்போது மண்டலந்தோறும் கொட்டகை கட்டி, சொற்பக் கட்டணத்துக்கு மாடுகளைக் கட்ட விடும் திட்டத்தைக் கார்ப்பரேஷன் கையில் எடுத்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கொட்டகை மயிலாப்பூர்க்காரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கறந்து, ஆறு மணிக்குள் எட்டு வீட்டுக்கு ஊற்ற வேண்டியவள் அவள். பஸ் ஏறிப் போய்க் கறந்துவா என்றால், மாட்டை விற்றுவிடு என்று சொல்வதற்குச் சமம். அடையாற்றிலும் தி. நகரிலும் மனைவிலை ஏறிப்போயிற்று, இடமில்லை என்பார்கள். கார் நிறுத்த அடுக்கு மாடி கட்ட இடம் கிடைத்த பேட்டையில் மாடு நிறுத்த ஒரு கிரவுண்டு கிடைக்காதா?

2022-23 பட்ஜெட்டில் வள்ளலார் பெயரால் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டத்துக்கு 20 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கைவிடப்பட்ட, காயம்பட்ட பிராணிகளை வைத்துக் காப்பாற்றும் ஸ்தாபனங்களுக்கு உதவ அந்தப் பணம். வள்ளலார் பெயர் வைத்தது பொருத்தம்தான். அவர் 1867-ல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினார், பசித்தவனிடம் அபராதம் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு வற்றிய மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் போகட்டும். மாடு வற்றியிருக்கும் மாதங்களுக்கு அதைக் காப்பகத்தில் விட்டு, சினை பிடித்ததும் சொந்தக்காரி திரும்ப ஓட்டிப் போகலாம் என்று ஒரு ஏற்பாடு செய்யட்டும். கிழ மாட்டுக்குக் கடைசிவரை இடம் கொடுக்கட்டும். பால் வற்றிய நாளில்தான் மாடு தெருவுக்கு வருகிறது. அந்த நாளில் கை கொடுத்தால் பிடிக்கும் லாரிக்கு வேலை குறையும். கோயம்பேட்டில் மிஞ்சும் காய்கறித் தழையும், டெல்டாவில் அறுவடைக்குப்பின் கிடைக்கும் வைக்கோலும் கூட்டுறவு மூலம் இங்கே வந்து சேரட்டும். சேகரித்துக் கட்டும் விவசாயத் தொழிலாளிக்கு அதில் கூலியும் கிடைக்கும். 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பதைக் குப்பத்துச் சுவரில் எழுதி வைக்கட்டும். மாடு போஸ்டரைத் தின்றாலும் சுவரில் எழுதியதைத் தின்னாது.

அபராதம் வேண்டவே வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லை. கொட்டகையும் தீனியும் கொடுத்த பிறகும் அவிழ்த்து விடுகிறவருக்குப் போடுங்கள். பத்து மாட்டுக்காரருக்கு ஒரு மாதிரியும் ஒற்றை மாட்டுக்காரிக்கு ஒரு மாதிரியும் போடுங்கள். 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மில் முதலாளி பிடிக்கும் அபராதத்துக்கு ஓர் அளவு வைத்தது. பிடித்த பணத்தைத் தொழிலாளர் நன்மைக்கே செலவிட வேண்டும் என்றும் சொன்னது. மாட்டு அபராதத்துக்கும் அந்த விதியைப் போடுங்கள் என்று நாம் கோருகிறோம்.

வார்டுகளில் உள்ள தோழர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த கவுன்சில் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கவுன்சிலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இந்த வருஷம் அடைத்த மாடுகள் எத்தனை, மீட்கப்பட்டவை எத்தனை, மீட்கப்படாத மாடுகள் எங்கே போயின, வசூலான அபராதம் எவ்வளவு, அதில் வைக்கோலுக்குச் செலவானது எவ்வளவு? வரும் பதிலை நமக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம். மந்தைவெளிக்காரி இன்னும் மாட்டை மீட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை லாரி வந்ததாம்.